ராக்கப்பன் படம்

அமிர்தவல்லி தன் புருசனின் பெயரைத் தொலைக்காட்சியில் கேட்டபோது அவளுடைய இரண்டு கையிலும் மாவும் தேங்காய்ப்பூவும் அப்பியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேயர் கராச்சர்மா திடலில் கால்பந்து ஆடுகிறவர்கள் மத்தியானத்துக்கு முப்பது ரொட்டி சொல்லியிருந்தார்கள். மற்ற நாட்களில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே காலை ஐந்தரைக்கே கடை போட்டுவிடுவாள். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் தவிர வேறொன்றும் அங்கே கிடையாது. இட்லி கேட்டு வருகிறவர்கள் முதல் நாள் முகம் சுளிப்பார்கள், மறுநாள் வந்து இரண்டு ரொட்டி வாங்குவார்கள். வங்காளி ஆட்டோக்காரர்கள்கூட "மாசி, சம்பல் ஜ்யாதா தேனா" என்று கூடுதல் சம்பலுக்குத் தட்டை நீட்டுவார்கள்.

மாவை உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு உள்ளே இருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"அந்தமான் நிக்கோபார், கச்சால் தீவின் ரப்பர் தோட்டத் தொழிலாளி. 2004 சுனாமியில் காணாமல் போனவர். ஓவியர் ராக்கப்பன்!"

"அரசி! இங்க வாடி! அப்பா பேரச் சொல்றானுக!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

மகள் தமிழரசி ஏற்கெனவே அங்கேதான் நின்றிருந்தாள். கையில் ரிமோட். சேனலை மாற்றப் போனவள் மாதிரி இருந்தது.

அது சென்னைச் சேனல் ஒன்றின் 'எது அசல்?' என்ற நிகழ்ச்சி. கோட்டுப் போட்ட அருண்பிரசாத் என்கிறவன் அதை நடத்தினான். பழைய சிலை, செப்பேடு, ராஜா காலத்து வாள் என்று சந்தேகத்துக்கு இடமான பொருள்களை எடுத்துக்கொண்டு அதன் பூர்வீகத்தைத் தோண்டுவார்கள். இன்றைக்கு நான்கு படங்களை வரிசையாக மாட்டியிருந்தான். பக்கத்தில் தாடி வைத்த விமர்சகர் ஒருவர் குச்சியால் தொட்டுத் தொட்டுப் பேசினார்.

"இந்த முதல் ரெண்டும் தோட்டத்துல அதிகாரியா இருந்த சிவஞானம், ராக்கப்பன் கையாலேயே வாங்கிட்டு வந்தது. இதுல சந்தேகமே இல்லை. வெறும் மரங்கள். ஒரு மனுஷன்கூட கிடையாது. அடுத்த ரெண்டையும் பாருங்க. ரெண்டுலயும் ஆட்கள். கோடு குழைஞ்சு ஓடுது. இது அவர் கையே இல்லை. செத்தவர் பேர்ல போர்ட் பிளேயர்ல யாரோ கடை நடத்துறாங்க. அந்தக் குடும்பத்தையும்தான் விசாரிக்கணும்."

அமிர்தவல்லிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த மாவுருண்டையைத் திரையைப் பார்த்து எறியத்தான் ஓங்கினாள்.

"கடை நடத்துறமா? ரொட்டிக் கடைதான்டி நடத்துறோம்! வந்து தின்னு பாக்கச் சொல்லு அந்தத் தாடிக்காரன!"

"விடுங்கம்மா. டிவியில ஆயிரம் பேசுவாங்க."

"எப்படி விடுறது? ஒங்கப்பா வரைஞ்சத இல்லைங்கிறான். நான் திருடிங்கிறான். நீ விடுங்கிறியா?"

தமிழரசி டிவியை அணைத்துவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தாள். ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் அவளுக்குத் தற்காலிக வேலை. ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பாள். அன்றைக்குத் துருவலில் சிரட்டையின் கறுப்பும் சேர்ந்து விழுந்தது. அமிர்தவல்லி அதைக் கவனித்தாள், கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ராக்கப்பன் கச்சாலில் ரப்பர் பால் வெட்டுகிற வேலையில் இருந்தார். இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பங்களைக் கொண்டுபோய் அந்தத் தீவில் ரப்பர் நடவைத்த காலத்தில், தகப்பன் தோளில் உட்கார்ந்து வந்திறங்கியவர். விடிவதற்கு முன்னே தலையில் பேட்டரி விளக்கைக் கட்டிக்கொண்டு கத்தியோடு மலையேறுவார். மரத்துக்கு நம்பர் எழுதுகிற வேலையும் அவருக்குத்தான். எழுதி மிச்சமான பெயின்ட்டைக் கொண்டுவந்து, உடைந்த பெட்டிகளின் பலகையில் மரம் மரமாக வரைவார். "மரத்தப் பாத்துட்டு வந்து மரத்தையே வரையிறியளே, வேற ஒண்ணும் தோணாதா?" என்று அமிர்தவல்லி கேட்டால், "அதுதான் ஆடாம நிக்கிது" என்பார்.

சுனாமிக்கு முந்தின நாள் மேட்டிலிருந்த தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்தில் சொந்தக்காரப் பெண்ணுக்குச் சடங்கு. குடும்பத்தோடு போய் அங்கேயே படுத்துவிட்டார்கள். காலையில் விருந்தாட்களுக்கு மீன் வாங்கிவருகிறேன் என்று ராக்கப்பன் துறைக்கு இறங்கினார். கடல் அவரையும் அவர்கள் வீடிருந்த கீழ் லயத்தையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. ஒரு வேட்டி மிஞ்சவில்லை, ஒரு போட்டோ மிஞ்சவில்லை. தாயும் மகளும் கட்டின துணியோடு போர்ட் பிளேயர் கப்பலில் ஏறினார்கள்.

நிவாரண முகாமின் தகரக் கொட்டகையில் அமிர்தவல்லி பத்து மாதம் படுத்தே கிடந்தாள். தகரம் காய்ந்து கொதிக்கும், அவள் புரளமாட்டாள். மழை ஒழுகும், நகரமாட்டாள். பதினாலு வயது மகள்தான் வரிசையில் நின்று அரிசி வாங்கி, கஞ்சி வைத்து வாயில் ஊற்றினாள். பக்கத்து அறை ஒச்சம்மா, "இவ பொழைக்க மாட்டா" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ஒருநாள் தமிழரசி சாக்கில் சுற்றி மூன்று பலகைகளைக் கொண்டுவந்தாள். "மேல் லயத்து மாமா ஒருத்தர் கச்சால் கப்பல்ல கொண்டாந்தாரும்மா. காட்டுக்குள்ள ஒதுங்கிக் கெடந்துச்சாம். அப்பா வரைஞ்சது."

அமிர்தவல்லி எழுந்து உட்கார்ந்தாள். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். அன்றைக்குத் தானே கஞ்சியை வாங்கிக் குடித்தாள். மறுவாரம் கொட்டகைக்கு வெளியே அடுப்பு மூட்டினாள்.

அவற்றில் இரண்டு, நான்கு வருடம் கழித்துச் சென்னைக்குப் போயின. சிவஞானம் ஐயாவின் வீட்டில் தொங்கிய மரப் படங்களைப் பற்றி ஒரு வாரப் பத்திரிகை எழுத, அதைப் படித்துவிட்டு அபர்தீன் பஜாரில் சங்கும் சிப்பியும் விற்கிற ஜெகநாதன் தேடி வந்தான். "அக்கா, ஒங்க வீட்டுக்காரர் பேரு நாலு பேருக்குத் தெரியட்டும்க்கா" என்றான். அந்த வார்த்தைக்காகத்தான் கொடுத்தாள். சென்னைக் கேலரிக்காரர் ஒருவருக்கு விற்று வந்த பணத்தில் மகள் கல்லூரி முடித்தாள். மூன்றாவது படத்தை மட்டும் எவ்வளவு கேட்டும் தரவில்லை.

அதில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பாதை. இன்னும் விடியவில்லை. முன்னால் ஒரு ஆள், தலையில் விளக்குப் பட்டை, போகிற வழியில் நின்று வந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறார். நமக்கு அவருடைய முதுகும் பிடரியும்தான் தெரியும். அவர் பார்க்கிற இடத்தில், தூரத்தில், லயத்து வாசல் ஒன்றில் மஞ்சள் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் அவிழ்ந்த தலையோடு ஒரு பெண் நிற்கிறாள். சுண்டுவிரல் அளவுதான் இருப்பாள். அது தான்தான் என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். தினமும் படத்துக்கு முன்னால் நின்றுதான் தலை முடிவாள்.

நிகழ்ச்சி வந்த மறுநாளே ஜெகநாதன் வந்தான். குடையை மடக்கக்கூட மறந்து வாசலில் நின்றான்.

"அக்கா, கேலரிக்காரர் போன் போட்டாரு. போலீசுன்னு பேசுறாருக்கா. என்னையத் தூக்கி உள்ள வச்சிருவாய்ங்க. நெசமாவே அண்ணன் வரைஞ்சதுதானே?"

"ஒனக்குமா சந்தேகம்?"

"இல்லக்கா, கேக்குறேன்."

"அந்தக் கோட்டுக்காரன இங்க வரச் சொல்லு. ஒரு படம் என்கிட்ட இருக்குல்ல? எப்படி வேணும்னாலும் சோதிச்சுக்கட்டும். சுரண்டிப் பாக்கட்டும், மோந்து பாக்கட்டும். எங்க வீட்டுக்காரர் கை இதுன்னு அதே டிவியில அவன் வாயாலயே சொல்லணும்."

"வேணாம்மா" என்றாள் உள்ளே இருந்து தமிழரசி.

"ஏன்டி?"

"நம்ம வீட்டுக்குள்ள கேமராவும் ஆளும்... எனக்குப் புடிக்கல."

"ஒனக்குப் புடிக்கலன்னா கவுண்டருக்குப் போயிரு. எனக்கு எம் புருசன் பேரு வேணும்."

ஜூன் கடைசியில் அவர்கள் வந்தார்கள். அருண்பிரசாத், கேமராக்காரர், பழைய ஓவியங்களைச் செப்பனிடுகிற விஜயலட்சுமி என்ற பெண்மணி. டெய்ரி ஃபார்ம் பக்கம் லாட்ஜ் எடுத்துத் தங்கி, காலை பத்துக்கு வண்டியில் வந்து இறங்கினார்கள். திரையில் பார்த்ததைவிட அருண்பிரசாத் சின்னவனாக, களைத்தவனாக இருந்தான். நேற்று கடலில் படகில் போய்வந்ததில் வாந்தி எடுத்தானாம். அமிர்தவல்லி அவனைத் திட்டுவதற்காக இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு, இஞ்சி தட்டிப் போட்ட, பாலில்லாத வெறுந்தேத்தண்ணியைக் கொடுத்தாள்.

தமிழரசி கவுண்டருக்குப் போகவில்லை. சுவரோரம் நின்றாள்.

கேமராவைப் பொருத்தினதும் மழை பிடித்தது. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் ஒரு சொல் பதிவாகாது என்று கேமராக்காரர் கையை விரித்தார். முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். விஜயலட்சுமி மட்டும் படத்தைக் கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்ல படம்மா இது."

"அவரு கைங்க."

"இதுல நிக்கிறவர்?"

"அவருதான். பால் வெட்டப் போற வழி. வாசல்ல நிக்கிறது நானு."

விஜயலட்சுமி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அவர் வீட்டைத் திரும்பிப் பாக்கிறார். ஆனா வரைஞ்சவங்க அவருக்கும் பின்னால நின்னு பாத்திருக்காங்க, இல்லையா?"

"மனசால பாத்து வரைஞ்சிருப்பாருங்க."

"இருக்கலாம்" என்றாள் விஜயலட்சுமி.

மழை விட்டது. பலகையை மேசைமேல் கிடத்தி, அதற்கு மேலே தான் கொண்டுவந்த கறுப்புக் கேமராவை ஏற்றி நிறுத்தினாள். பெயின்ட்டுக்கு அடியில் இருப்பதை இது காட்டும் என்று அருண்பிரசாத் அமிர்தவல்லிக்கு விளக்கினான். "முதல்ல பென்சில்ல கோடு போட்டிருந்தா அது தெரியும்மா. சிவஞானம் சார் படத்துல தெரிஞ்சது. ரெண்டு கோடும் ஒண்ணா இருந்தா முடிஞ்சது, நானே சொல்லிடறேன்."

லேப்டாப் திரையில் படம் சாம்பல் நிறத்தில் வந்தது. மரங்கள் மங்கி, பாதை கரைந்து, அடியிலிருந்து வேறென்னவோ மேலே வந்தது. கட்டை கட்டையாக, ஒரே அளவில், ஆங்கில எழுத்துகள். பெட்டிகளில் அச்சுத் தகடு வைத்து அடிப்பார்களே, அந்த மாதிரி. பாதைக்குக் குறுக்கே ஓடி, நிற்கிறவரின் முதுகு வழியாகப் போயின.

விஜயலட்சுமி அருண்பிரசாத்தைப் பார்த்தாள். அவன் மைக்கைச் சுவரோரம் நீட்டினான்.

"தமிழரசி, நீங்களே படிச்சிடுங்க. அம்மாவுக்குப் புரியும்."

தமிழரசி கிட்டே வரவில்லை. அங்கிருந்தபடியே, பார்க்காமலேயே சொன்னாள். "சுனாமி ரிலீஃப். ஜனவரி ரெண்டாயிரத்து அஞ்சு."

அமிர்தவல்லிக்கு அந்தப் பெட்டிகள் ஞாபகம் வந்தன. பிஸ்கட்டும் கம்பளியும் வைத்துக் கப்பலில் வந்து இறங்கியவை. கொட்டகையில் எல்லோரும் பலகையைப் பிரித்து அடுப்பெரித்தார்கள், சிலர் கதவு செய்தார்கள். அவர் போனது டிசம்பர். பெட்டி வந்தது ஜனவரி. சுனாமிக்குப் பிறகு அனுப்பின பெட்டியில் செத்தவர் எப்படி...

"அப்போ இதை வரைஞ்சது யாரும்மா?" என்று அருண்பிரசாத் கேட்டான். குரலில் வெற்றி ஒன்றும் இல்லை.

அவள் மகளைப் பார்த்தாள். மகள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லிக்கு எல்லாமே விளங்கிவிட்டது. விளங்கின அதே நொடியில் அவள் மைக்கின் பக்கம் திரும்பினாள்.

"நான்தான்."

"நீங்களா?"

"ஆமா. நான்தான் வரைஞ்சேன். மூணையும் நான்தான். எழுதிக்கங்க. புடிச்சிக்கிட்டுப் போறதுன்னா என்னையப் புடிச்சிக்கிட்டுப் போங்க. எம் மகளுக்குத் தெரியாது. அந்த ஜெகநாதன் தம்பிக்கும் தெரியாது. தாடிக்காரரு சொன்னது சரிதான்னு போட்டுக்கங்க."

கேமராக்காரர் தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார்.

"அம்மாவுக்குப் பென்சில் புடிக்கவே தெரியாதுங்க" என்றாள் தமிழரசி. "கையெழுத்து போடுறதுக்கே நான் புள்ளி வச்சுக் குடுக்கணும். நான்தான் வரைஞ்சேன்."

"சும்மா இருடி!"

"இல்லம்மா, போதும். ஏழெட்டு வருசமாச்சு." அவள் சுவரை விட்டு முன்னே வந்தாள். "கேம்புல புள்ளைங்களுக்குன்னு பெயின்ட் குடுத்தாங்க சார். அது பத்தல. ரோட்டு வேலைக்காரங்க வீசுன டப்பாவச் சுரண்டி எடுத்தேன். அம்மா சாப்புடாம கெடந்தாங்க. அப்பாவோடதுன்னு ஏதாவது ஒண்ணு இருந்தா எந்திரிப்பாங்கன்னு தோணுச்சு. ஸ்கூல் கொட்டகைக்குப் பின்னால ஒளிச்சு வச்சு வரைஞ்சேன். வாங்குனதும் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. பொறகு எப்படிச் சொல்றது? ஜெகநாதன் மாமாகிட்ட அம்மா எடுத்துக் குடுத்த அன்னைக்குச் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா அப்பதான் சிரிச்சிக்கிட்டு இருந்தாங்க."

"அதுக்கப்புறம் வரையலையா?" என்று கேட்டாள் விஜயலட்சுமி.

"இல்லங்க. பயம். எங்க வரைஞ்சாலும் ஒரே கைன்னு கண்டுபுடிச்சிருவாங்கன்னு."

மறுபடி மழை வந்தது. பதிவு அத்தோடு நின்றது. அமிர்தவல்லி அடுப்படிக்குப் போய், பிசைந்து வைத்திருந்த மாவைத் தட்டி ரொட்டி சுட்டாள். வந்தவர்களுக்கு இலை போட்டு, சம்பல் வைத்து, பரிமாறினாள். அருண்பிரசாத் நாலு ரொட்டி தின்றான். போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் தப்பா எதுவும் காட்ட மாட்டேம்மா" என்றான். அவள் கையை உருவிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

அன்றைக்கு அந்தப் படத்தை எடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். மகளிடம் பேசுவதும் நின்றுபோயிற்று. "கதவச் சாத்து", "தண்ணி வந்துருச்சு", அவ்வளவுதான். தமிழரசி வழக்கம்போல வேலைக்குப் போகுமுன் தேங்காய் துருவிக் கொடுத்தாள். அமிர்தவல்லி வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. மகள்மேல் கோபமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. புருசனைக் கடல் இரண்டாம் தடவை கொண்டுபோய்விட்ட மாதிரி இருந்தது. இத்தனை வருடம் யாரிடம் குறை சொன்னோம், யாருக்கு முன்னால் நின்று தலை முடிந்தோம் என்று நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது. கடையில் இரண்டு நாள் சம்பலில் உப்பே போடவில்லை. ஆட்டோக்காரர்கள் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது ஞாயிறு நிகழ்ச்சி வந்தது. அமிர்தவல்லி டிவியைப் போடவில்லை. இப்போது இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற ஒச்சம்மா வந்து, "என்னாடி, ஊரே பாக்குது, நீ மூடி வச்சிருக்க?" என்று தானே போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஜெகநாதனும் வந்து வாசல்படியில் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றான்.

அருண்பிரசாத் சொன்னபடியே செய்திருந்தான். "நான்தான் வரைஞ்சேன்" என்று அமிர்தவல்லி சொன்னதையும் காட்டினான், மகள் மறுத்ததையும் காட்டினான். தாடிக்கார விமர்சகர் மீண்டும் வந்தார். இரண்டு படமும் ராக்கப்பனுடையது இல்லை என்றது சரியாகிவிட்டதில் அவருக்குத் திருப்திதான். ஆனால் குடும்பம் கடை நடத்துகிறது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். கேலரிக்காரர் புகார் கொடுக்கப் போவதில்லை, படங்களுக்குக் கீழே பெயரை மட்டும் மாற்றி மாட்டுவார் என்று அருண்பிரசாத் அறிவித்ததும் ஜெகநாதன் வெளியே வைத்திருந்த காலை உள்ளே எடுத்து வைத்தான்.

"தேவ்தா, சாமி மாதிரி ஆளுக்கா அந்தக் கேலரிக்காரரு" என்றான்.

"வாய மூடிக்கிட்டுப் பாரு" என்றாள் ஒச்சம்மா.

கடைசியில் மூன்றாவது படம் திரை முழுக்க வந்தது. வீட்டில் முழங்கை நீளப் பலகையாக இருந்தது இங்கே சுவர் அளவு விரிந்தது. கேமரா வாசலில் நிற்கிற பெண்ணிடம் தொடங்கி, பாதையில் மெல்லப் பின்னால் வந்து, நிற்கிறவரின் தோளைத் தாண்டி, இன்னும் பின்னால் வந்து நின்றது. 'ஓவியர்: ரா. தமிழரசி, வயது பதினான்கு' என்று எழுத்து ஓடியது. விஜயலட்சுமியின் குரல், "வரைஞ்ச குழந்தை நின்ன இடம் இதுதான்" என்றது.

ஒச்சம்மா மூக்கைச் சிந்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளும் ஜெகநாதனும் போய்விட்டார்கள். வெளியே தூறல். தமிழரசி ஆட்டுரல் ஓரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அமிர்தவல்லி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்டி மொகத்த வரையல?"

இருபது நாளில் அம்மா முகம் பார்த்துப் பேசிய முதல் பேச்சு. தமிழரசி கத்தியைக் கீழே வைத்தாள்.

"வரலம்மா. எத்தனையோ தடவ அழிச்சு அழிச்சுப் பாத்தேன். மொகம் மட்டும் வரல. லீவு நாள்ல மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் பொறுக்க அவரு கூடப் போவன்ல? முதுகுதான் நல்லா ஞாபகம் இருந்துச்சு."

"எனக்கும் இப்பல்லாம் சரியா வர மாட்டேங்குது" என்றாள் அமிர்தவல்லி. இதுவரை யாரிடமும் சொல்லாதது. சொன்னதும் நெஞ்சு லேசாயிற்று. "படத்தப் பாத்துப் பாத்து அந்தப் பிடரிதான் மொகம்னு ஆயிப்போச்சு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகப் போனது. முந்தானையால் துடைத்துக்கொண்டு அமிர்தவல்லி கேட்டாள்.

"அவரு அப்படி என்னையப் பாத்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டே இத்தன வருசம் இருந்துட்டேன். அதுவும் நீயா வரைஞ்சதுதானே?"

"இல்லம்மா. பாத்தாரு. நான் ஒண்ணும் புதுசா வரையல. அந்தப் பாதை வளைவுல வந்ததும் ஒவ்வொரு தடவையும் நிப்பாரு. திரும்பி நின்னு பாப்பாரு. நான் நாலடி முன்னால போயிட்டு நின்னுக்கிட்டு இருப்பேன்."

"என்னா சொல்லுவாரு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீங்க உள்ள போற வரைக்கும் நிப்பாரு. பொறகுதான் நடப்போம். எனக்குக் குளிரும், கொசு கடிக்கும். வாங்கப்பான்னு கத்துவேன்."

அமிர்தவல்லி வெங்காயத் தோலைக் கூட்டிக் கையில் அள்ளினாள். எழுந்திருக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்குத் தெரியாதுடி" என்றாள். "அடுப்புல தண்ணி கொதிக்குமேன்னு ஒடனே உள்ள ஓடிருவேன். தெரிஞ்சிருந்தா இன்னுங் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன்."